டவுன்ஸ் மேட்டில் ஒரு பழைய கோல்ஃப் மைதானம்: வீண் நிலமா?

கேள்வி, பிப்ரவரி 6

அக்கா, போன ஞாயிறு இங்கிலாந்தின் தெற்குக் கரையில், பிரைட்டனிலிருந்து 77ஆம் நம்பர் பஸ் பிடித்து டெவில்ஸ் டைக் பள்ளத்தாக்குக்குப் போய் வந்தேன். வழியில் டவுன்ஸ் மேட்டின் மேல் பிரைட்டன் அண்ட் ஹோவ் க்ளப்பின் கோல்ஃப் மைதானம் தெரிந்தது. விசாரித்தால் 1887ஆம் வருடத்தது என்கிறார்கள். ஊருக்குத் தலைக்கு மேல் இவ்வளவு நிலத்தைப் பத்து இருபது பேர் பந்து தட்டுவதற்காக வேலி போட்டுப் பூட்டி வைத்திருப்பது அநியாயமாக இல்லையா? தண்ணீரும் பூச்சிமருந்தும் கொட்டி மண்ணையே கெடுத்திருப்பார்கள். திரும்பவும் காடாக விட்டுவிட்டால் என்ன? நீங்கள் பக்கத்தில் ஹோவில்தான் இருக்கிறீர்கள், விளையாடவும் செய்கிறீர்கள். சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு

திரும்பவும் காடாக விட முடியாது. அந்த மேட்டில் காடு இருந்தது பல ஆயிரம் வருடத்துக்கு முன்னால். புதிய கற்காலத்திலேயே மரத்தை வெட்டி ஆடுமாடு மேய்க்க ஆரம்பித்துவிட்டார்கள். நைட் டூட்டிக்குக் கிளம்புகிறேன். மிச்சம் நாளைக்கு.

பிப்ரவரி 7

தூங்கி எழுந்து எழுதுகிறேன்.

முதலில் பெயரிலிருந்து வருகிறேன், ஏனென்றால் எனக்கே அது குழப்பமாக இருந்தது. டவுன்ஸ் என்றால் ஏதோ பள்ளம் என்று நினைப்போம். பழைய ஆங்கிலத்தில் டூன் என்றால் குன்று. அதுதான் தேய்ந்து டவுன் ஆனது. சவுத் டவுன்ஸ் என்பது தெற்குக் குன்றுகள். வின்செஸ்டர் பக்கம் தொடங்கி, ஈஸ்ட்போர்னில் பீச்சி ஹெட் என்கிற வெள்ளைச் செங்குத்துக்கு வந்து கடலில் முடிகிறது. அதன் முதுகிலேயே போகிற நடைபாதை மட்டும் 160 கிலோமீட்டர்.

முழு மேடும் சீமைச்சுண்ணாம்பு. டைனோசர் காலத்துக் கடலில் மிதந்த, கண்ணுக்குத் தெரியாத பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து இறுகிய கல். அதன் மேல் இருக்கிற மண் பல இடங்களில் நாலு விரல் கனம்தான். மண்வெட்டியை ஒரு போடு போட்டால் வெள்ளையாகக் கல் தெரியும். மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, கல் குடித்துவிடும்.

இப்போது ஆட்டுக்கு வருகிறேன். எங்கள் சிவகங்கைப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். ஆட்டுக்காரர் மந்தையை ராத்திரி வயலில் மறிப்பார், புழுக்கையும் மூத்திரமும் நிலத்துக்கு உரம், வயல்காரர் அதற்குக் காசோ நெல்லோ கொடுப்பார். இந்த சசெக்ஸ் மாவட்டத்தில் அதே வேலையை நூற்றாண்டுக் கணக்கில் செய்திருக்கிறார்கள். பகல் முழுக்க மேட்டில் மேய்ச்சல், பொழுது சாய்ந்ததும் கீழே விளைநிலத்துக்கு ஓட்டி வந்து படல் கட்டி அடைப்பது. அதற்கென்றே கட்டையான கால், நல்ல சதை, சாணம் நிறையப் போடுகிற ஆடு. லூயிஸ் ஊருக்குப் பக்கத்தில் க்ளைண்ட் என்ற கிராமத்தில் ஜான் எல்மன் என்கிற பண்ணையார் 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஆட்டைத் தேர்ந்து தேர்ந்து இனமாக்கினார். சவுத்டவுன் ஆடு என்றே இன்றும் பெயர்.

இதில் கவனிக்க வேண்டியது, மேட்டின் சத்து ராத்திரிக்கு ராத்திரி கீழே இறங்கிவிட்டது. வயல் கொழுத்தது, மேடு மெலிந்தது. மெலிந்த மண்ணில் முரட்டுப் புல் தலையெடுக்காது. ஃபெஸ்க்யூ என்கிற ஊசிப் புல்லும், தரையோடு ஒட்டிய குட்டிக் குட்டிப் பூச்செடிகளும்தான் பிழைக்கும். ஆடு கடித்துக் கடித்து அதை ஜமுக்காளம் மாதிரி ஆக்கி வைத்திருந்தது.

1880களில் கோல்ஃப் ஸ்காட்லாந்திலிருந்து இங்கிலாந்து முழுக்கப் பரவியபோது, அதைக் கடலோர மணல்மேட்டில் ஆடிப் பழகியவர்கள் தெற்கே தேடிய தரை இதுதான்: தண்ணீர் தேங்கக் கூடாது, புல் மெல்லியதாக, கட்டையாக இருக்க வேண்டும், காற்று அடிக்க வேண்டும். டவுன்ஸில் அது தயாராகக் கிடந்தது. மைதானம் போட மண் அள்ளும் இயந்திரம் வைப்பது அன்றைக்கு வழக்கமில்லை. மேடு எப்படி வளைந்ததோ அப்படியே விட்டு, குழி வெட்டிக் கொடி நட்டார்கள். அந்த மைதானத்தைப் பாதிக்கு மேல் செய்தது ஆடு என்பதுதான் நான் சொல்ல வருவது. சசெக்ஸின் முதல் கோல்ஃப் க்ளப்பும் அதுதான்.

பிப்ரவரி 8

மேலே கடைசி வரியில் அவசரப்பட்டுவிட்டேன். 1887 என்ற அதே வருடத்தில் பிரைட்டன் அண்ட் ஹோவ் தவிர ராயல் ஈஸ்ட்போர்ன், சீஃபோர்ட் இரண்டும் தொடங்கியிருக்கின்றன. மூன்றுமே டவுன்ஸ் மேட்டில். ஒரே வருடத்தில் ஒரே சுண்ணாம்பு மேட்டில் மூன்று க்ளப். யார் மூத்தவர் என்ற பஞ்சாயத்தை அவர்களே பார்த்துக்கொள்ளட்டும்.

சீஃபோர்ட் கதை தனியாகச் சொல்ல வேண்டியது. 1907இல் க்ளப் உள்ளே தள்ளி ஈஸ்ட் பிளாட்சிங்டனுக்கு இடம் மாறியது, அங்கே மைதானத்தை அமைத்தவர் ஜே.எச். டெய்லர். பிரிட்டிஷ் ஓபன் என்கிற பெரிய கோல்ஃப் போட்டியை ஐந்து முறை ஜெயித்த மனிதர். முதலில் ஆடிய இடமான சீஃபோர்ட் ஹெட் இன்றைக்கு ஊர்ப் பொது மைதானமாக இருக்கிறது. யாரும் காசு கட்டி ஆடலாம். மேலே நின்றால் செவன் சிஸ்டர்ஸ் என்கிற கடலோர வெள்ளைச் செங்குத்துகள் வரிசையாகத் தெரியும். நான் பாதி ஆட்டத்தை நிறுத்தி அங்கேயே நின்றுவிட்ட நாட்கள் உண்டு. மேற்கே குட்வுட்டில் 1914இல் மைதானம் போட்டவர் ஜேம்ஸ் பிரெய்ட், அவரும் ஓபனில் ஐந்து முறை ஜெயித்தவர். அந்தக் காலத்தின் மும்மூர்த்திகளில் இரண்டு பேர் இந்த மேட்டுக்கு வந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி 12

பஸ்ஸில் போனேன் என்றீர்கள். முன்பு ரயிலே போனது, தம்பி.

1887 செப்டம்பர் 1ஆம் தேதி பிரைட்டனிலிருந்து டைக்குக்குக் கிளைப்பாதை திறந்தார்கள். நாற்பதுக்கு ஒன்று என்ற சரிவில் ஏறுகிற பாதை. அந்தக் காலத்துக் கரி இன்ஜினுக்கு அது நல்ல மூச்சுவாங்கல். மேலே டைக்கில் பெரிய திருவிழாவே நடந்துகொண்டிருந்தது: ராட்டினங்கள், பள்ளத்தாக்கைக் கடக்க 1894இல் போட்ட கம்பிவடத் தொட்டில், வடக்குச் சரிவில் இறங்க 1897இல் ஒரு குட்டி ரயில். இந்தக் கூட்டத்துக்கு நடுவில் கோல்ஃப் க்ளப்புக்கென்று தனியாக ஒரு நிறுத்தம். கோல்ஃப் க்ளப் ஹால்ட் என்றே பெயர்.

எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது மணி. மேலே டைக் ஸ்டேஷனில் வண்டி கிளம்பினால் க்ளப் வீட்டுக்குள் மணி அடிக்கும்படி கம்பி இழுத்திருந்தார்கள். மணி கேட்டால் கோப்பையைக் காலி செய்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு நடந்தால் போதும், வண்டியைப் பிடித்துவிடலாம். ஓட வேண்டியதில்லை.

முதல் உலகப்போரில் 1917இல் பாதையை மூடி 1920இல் திறந்தார்கள். அப்புறம் பஸ்ஸும் காரும் வந்தன. 1938 டிசம்பர் 31இல் கடைசி வண்டி ஓடியது. இப்போது ஹேங்கிள்டனிலிருந்து மேலே போகிற டைக் ரயில்வே டிரெயில் என்ற நடைபாதை அந்தத் தண்டவாளம் கிடந்த தடத்தை ஒட்டித்தான் போகிறது. நீங்கள் வேலி போட்டு வைத்திருக்கிறார்கள் என்று எழுதினீர்கள். அந்தப் பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், நாயைக் கூட்டிக்கொண்டு போகிறார்கள், மைதானம் பக்கத்திலேயே கிடக்கிறது.

பிப்ரவரி 13

வேறொருவர் கேட்டிருக்கிறார்: டெவில் எங்கிருந்து வந்தார்?

ஊர்க் கதை இது. சசெக்ஸ் முழுக்கக் கோயில் கட்டிக் கும்பிடுகிறார்களே என்று சாத்தானுக்குக் கோபம். கடலிலிருந்து ஒரே ராத்திரியில் கால்வாய் வெட்டி, வடக்கே இருக்கிற தாழ்நிலத்தையெல்லாம் முழுக அடித்துவிடலாம் என்று மேட்டைத் தோண்ட ஆரம்பித்தான். சத்தம் கேட்டு விழித்த ஒரு கிழவி ஜன்னலில் மெழுகுவர்த்தி ஏற்றி வைத்தாள், சேவலையும் தட்டி எழுப்பினாள். சேவல் கூவியது. விடிந்துவிட்டது என்று பயந்து வேலையைப் பாதியில் போட்டு ஓடிவிட்டான். அந்தப் பாதிப் பள்ளம்தான் டைக். கிழவி கெட்டிக்காரி. நம் ஊர்க் கதைகளில் வருகிற கிழவிகளோடு தாராளமாக உட்காரலாம்.

உண்மையில் அது பனியாறு வெட்டிய பள்ளம்.

பிப்ரவரி 15

இல்லை, பனியாறு இல்லை. எழுதிவிட்டு இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. பனியுகத்தின் பனிப்பாளம் இவ்வளவு தெற்கே வரவே இல்லை. நடந்தது வேறு. சுண்ணாம்புக் கல் சாதாரணமாகத் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஆனால் பனியுகத்தில் நிலம் ஆழம் வரை உறைந்து கிடந்ததால் உறிஞ்ச முடியவில்லை. கோடையில் மேல்பக்கம் மட்டும் இளகி, நொறுங்கிய கல்லும் சேறும் பனித் தண்ணீரும் கூழாகி வழிந்து இறங்கின. வருடம் வருடமாக வழிந்து சுமார் 100 மீட்டர் ஆழத்துக்கு அறுத்துவிட்டன. குளிர் போனதும் கல் மறுபடியும் தண்ணீரைக் குடிக்க ஆரம்பித்தது. அதனால் இவ்வளவு பெரிய பள்ளத்தாக்கில் ஆறு கிடையாது, ஓடை கிடையாது. மழைக்காலத்தில் இறங்கிப் பாருங்கள், அடியில் உலர்ந்த புல்தான் இருக்கும்.

மார்ச் 2

தண்ணீரும் மருந்தும் பற்றிக் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை. தள்ளிப்போட்டேன், ஏனென்றால் இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை.

முதலில் நல்ல பக்கம். டவுன்ஸ் மைதானம் ஜனவரியிலும் காலுக்கடியில் கெட்டியாக இருக்கும். வடக்கே வீல்ட் தாழ்நிலம் களிமண், அங்கே குளிர்காலத்தில் நடந்தால் செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும். இங்கே இரவு முழுக்கக் கொட்டினாலும் காலையில் ஆடலாம். கோடையில் ஃபேர்வே, அதாவது பந்தை அடித்துக்கொண்டு போகிற, கட்டையாக வெட்டிய புல்தரை, வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். பச்சையாக வைக்கத் தண்ணீர் பாய்ச்சுவதை இந்த மாதிரிப் பழைய மைதானங்களில் ஆடுகிறவர்கள் எதிர்பார்ப்பதும் இல்லை. காய்ந்த தரையில் பந்து இரண்டு மடங்கு உருளும், அந்த உருட்டலில்தான் ஆட்டமே. டிவியில் பார்க்கிற கிளிப்பச்சை மைதானத்தை மனதில் வைத்து இதை எடை போடாதீர்கள்.

மற்ற பக்கம். கிரீன்களில், அதாவது குழியைச் சுற்றியுள்ள மழமழப்பான புல்தரைகளில், பூஞ்சைக்கு மருந்து அடிப்பது கோல்ஃப் உலகம் முழுக்க இருக்கிற பழக்கம். ஃபேர்வேயில் உரம் போட்ட காலமும் உண்டு. பிரைட்டன் ஊரே குடிக்கிறது இந்தக் கல்லுக்குள் இறங்குகிற தண்ணீரை. மேலே போடுகிற உரத்தின் நைட்ரேட் ஒருநாள் கீழே குழாயில் வரும், மெதுவாக வரும், பல வருடம் கழித்தும் வரும். இதில் கோதுமை வயலின் பங்கு கோல்ஃபைவிடப் பெரியது, ஏனென்றால் வயல்தான் பரப்பில் பெரியது. ஆனாலும் நான் நிற்கிற இடத்துக்கு நான் பதில் சொல்ல வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது: ஆடு புல்லைத் தின்று சத்தை வேறு இடத்துக்குக் கொண்டுபோனது. இயந்திரம் வெட்டினால், வெட்டின புல்லை அள்ளாவிட்டால், அங்கேயே மக்கி மண் கொழுக்கும். மண் கொழுத்தால் பூச்செடி போய்விடும். அதனால் இயந்திரத்தை ஆட்டுக்குச் சமம் என்று நான் சொல்ல மாட்டேன்.

மார்ச் 20

வீண் நிலம் என்ற சொல்லுக்கு இப்போது வருகிறேன். இதில்தான் எனக்குக் கொஞ்சம் ஆத்திரம் வந்தது, உங்கள் மேல் இல்லை, அந்தச் சொல்லின் மேல்.

இந்த மேட்டை வீண் என்று சொல்லித்தான் கெடுத்தார்கள். கிழக்கே பீஸ்ஹேவன் என்று ஓர் ஊர் இருக்கிறது, 1916 முதல் டவுன்ஸ் முதுகைக் கட்டம் கட்டமாகப் பிளாட் போட்டு விற்று உண்டான ஊர். நாலாப்பக்கமும் அப்படியே பரவிவிடும் என்ற பயம் பிரைட்டன்காரர்களுக்கு இருந்தது. மாநகராட்சி ஊரைச் சுற்றி மேட்டு நிலங்களை வாங்க ஆரம்பித்தது. குடிதண்ணீரைக் காப்பாற்றுவதும் அதில் ஒரு காரணம். 1928இல் டைக் நிலமும் அப்படித்தான் பொதுமக்களுக்கு வந்தது.

பிறகு இரண்டாம் உலகப்போர். கப்பலில் கோதுமை வருவது ஆபத்து, உள்ளூரிலேயே விளைய வேண்டும். மாவட்ட வேளாண் குழுக்கள் உத்தரவு போட்டு மேய்ச்சல் மேட்டில் டிராக்டரை ஏற்றின. மிச்ச இடத்தில் ராணுவப் பயிற்சி, கனடா நாட்டுப் படைகள் வந்து இறங்கின. பசியில் இருக்கிற நாட்டைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் போர் முடிந்த பிறகும் உழவு நிற்கவில்லை. மூட்டை உரம் வந்துவிட்டது, மெலிந்த மேட்டிலும் பார்லி விளைந்தது. போருக்குப் பின் இங்கிலாந்தின் சுண்ணாம்புப் புல்வெளியில் 80 சதவீதம் போய்விட்டது என்று கணக்கிடுகிறார்கள். 1953இல் முயல்களுக்கு மிக்ஸமடோசிஸ் என்ற நோய் வந்தது. ஆடு போன இடத்தில் புல்லைக் கடித்துக்கொண்டிருந்தது முயல்தான், அதுவும் செத்து விழுந்ததும் முள்புதர் ஏறியது. நீங்கள் கேட்ட காடு அந்தப் புதர்தான். பல ஆயிரம் வருடம் திறந்து கிடந்த புல்வெளி 20 வருடத்தில் அதற்குள் மூடிப்போகும்.

ஆகவே உழாமல் விட்ட ஒவ்வொரு ஏக்கரும் பொக்கிஷம். கோல்ஃப் மைதானம் உழவிலிருந்து தப்பிய நிலம்.

போர் என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. லண்டன் பக்கம் ரிச்மண்டில் ஒரு க்ளப் 1940இல் தற்காலிக விதி எழுதி ஒட்டியது. அடிக்கிற நேரத்தில் குண்டு வெடித்து அடி பிசகினால் இன்னொரு பந்து ஆடலாம், ஆனால் ஓர் அடி தண்டனை உண்டு. குண்டு விழுந்தாலும் ஓர் அடி விட்டுத்தர மனசில்லை!

மார்ச் 24

மேலே "மைதானம் உழவிலிருந்து தப்பிய நிலம்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. போர்க்காலத்தில் பல கோல்ஃப் மைதானங்களிலும் ஏர் ஏறியது, ஃபேர்வேயில் உருளைக்கிழங்கும் தானியமும் போட்டார்கள். எந்தத் துண்டு தப்பியது, எந்தத் துண்டு தப்பவில்லை என்று தரையைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். எப்படிப் பார்ப்பது என்று ஜூனில் எழுதுகிறேன். இப்போது புல் இன்னும் முழிக்கவில்லை.

ஏப்ரல் 11

நான் எப்படி இதற்குள் வந்தேன் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள்.

வார்டில் கூட வேலை பார்த்த ஓர் அம்மா, ஓய்வு பெறுகிற வயது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிக்கொண்டு போனார். அதற்கு முன் ஒரே ஒரு முறை வேறொரு க்ளப்புக்குப் போயிருந்தேன், பெயர் வேண்டாம். வாசலிலேயே என் காலணியைப் பார்த்துவிட்டு, உள்ளே வரச் சொல்லவும் இல்லை, எந்தக் காலணி வேண்டும் என்று சொல்லவும் இல்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்று அழுதுவிட்டுத் திரும்பினேன். அதனால் நிலத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று நீங்கள் எழுதியபோது உள்ளே எங்கோ எனக்கும் அது பட்டது. பூட்டு வேலியில் இருக்க வேண்டியதில்லை, ஒரு பார்வையிலும் இருக்கும். கோல்ஃபில் அது நிறைய இருந்தது, இன்னும் இருக்கிறது. பொது மைதானங்கள் வேண்டும் என்று நான் சொல்வதற்கு அதுவே காரணம்.

அந்த அம்மா அன்றைக்கு எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் காற்று. தென்மேற்கிலிருந்து கடல்காற்று ஓயாமல் அடிக்கும். அதில் பந்தை உயரமாகத் தூக்கினால் தொலைந்தது. தாழ்வாக அடித்து உருள விட வேண்டும். இரண்டாம் பாடம், கிரீனில் கண்ணை நம்பாதே. மேடே ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால் சமமாகத் தெரிகிற இடம் சமம் கிடையாது. "கடல் எந்தப் பக்கம் என்று பார், பந்து அந்தப் பக்கம் போகும்" என்றார். நான் நேராக உருட்டினேன். பந்து பாதி தூரம் ஒழுங்காகப் போய், யாரோ கூப்பிட்ட மாதிரி தெற்கே திரும்பியது. எதிரே கீழே ஹோவ் வீடுகள், அதற்கு அப்பால் கடல். ஐந்து வருடமாக அந்தக் கடல் பக்கத்தில் குடியிருந்தும், என் ஊர் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் முழுதாகப் பார்த்தேன்.

மே 5

முயல் தோண்டிப் போட்ட மண்ணில் பழைய பந்து ஒன்று கிடைத்தது. மேல்தோல் வெடித்து உள்ளேயிருந்து ரப்பர் நூல் சுருள் சுருளாகப் பிதுங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் மேசையில் வைத்து நூலைப் பிரித்தேன். மட்கிய இடத்தில் அறுந்து அறுந்து வந்தது, உள்ளே போகப் போக இன்னும் இழுவை இருந்தது. கூடம் முழுக்க நூல்.

க்ளப் தொடங்கிய 1887இல் பந்து வேறு: கட்டா பெர்ச்சா என்கிற மரப்பிசினை உருட்டிக் கெட்டியாக்கியது. அந்த மரம் மலாயா, சுமத்ரா, போர்னியோக் காடுகளில் வளர்வது. 1898 வாக்கில் அமெரிக்காவில் ஹாஸ்கெல் என்பவர் ரப்பர் நூலை இறுக்கிச் சுற்றிப் பந்து செய்தார். 1902 ஓபனை சாண்டி ஹெர்ட் அந்தப் பந்தால் ஜெயித்ததும் பழைய பந்து வழக்கொழிந்தது. புதுப் பந்து ரொம்ப தூரம் போனது, பழைய மைதானங்கள் எல்லாம் திடீரென்று சின்னதாகிவிட்டன. நீட்டினார்கள், மாற்றினார்கள்.

அடுத்த இருபது வருடத்தில் உலக ரப்பரில் பெரும்பகுதி மலாயா, இலங்கை, டச்சுக்காரர்களின் கிழக்கிந்தியத் தோட்டங்களிலிருந்து வர ஆரம்பித்தது. என் பாட்டியின் அப்பா பேராக்கில் பால்மரம் வெட்டியவர். விடிகாலையில் மரத்துக்கு மரம் போய்ப் பட்டையைச் சீவி, கோப்பையை நிமிர்த்தி வைத்து, வெயில் ஏறியதும் பாலைச் சேர்த்து, கோப்பையில் ஒட்டியிருந்த ஒட்டுப்பாலையும் விடாமல் உரித்து எடுத்ததாகப் பாட்டி சொல்வார். ஊருக்குத் திரும்பி வந்தபோது அவர் விரல் நுனிகள் கறுத்தே இருந்தனவாம். இந்தப் பந்து எந்தக் காலத்தது, எந்தத் தோட்டத்துப் பால் என்று யாராலும் சொல்ல முடியாது. நூலைத் திரும்பச் சுற்றி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனம் வரவில்லை.

தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன். சரி, அடுத்தது தரை.

ஜூன் 22

சொன்னபடி தரை.

நேற்று மாலை ஆட்டம் முடிந்து ரஃபுக்கு, அதாவது ஃபேர்வே ஓரத்து உயரப் புல்லுக்கு, அப்பால் சரிவில் இறங்கி முழங்காலிட்டுப் பார்த்தேன். நல்ல சுண்ணாம்புப் புல்வெளியில் ஒரு சதுர மீட்டருக்குள் நாற்பது வகைச் செடிகூட இருக்கும் என்பார்கள். நான் என் கைக்குட்டையை விரித்து, அது மூடிய இடத்தை மட்டும் எண்ணினேன். பதினொன்று வரை வந்தது, அதற்கு மேல் எனக்குப் பெயர் தெரியவில்லை. காட்டு தைம், ஊதாப் பொட்டு மாதிரி. சாலட் பர்னெட் இலையைக் கசக்கினால் அப்படியே வெள்ளரிப்பிஞ்சு வாசனை. குவேக்கிங் கிராஸ் என்ற புல், மூச்சுவிட்டாலே அதன் மணிகள் நடுங்கும். ஹார்ஸ்ஷூ வெட்ச் பூ உதிர்ந்து, காய் குதிரை லாடம் லாடமாக வளைந்திருந்தது. தண்டே இல்லாமல் தரையோடு படர்ந்த ஒரு முள்செடி, பார்க்காமல் உட்கார்ந்தவர் ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார்.

இவற்றைவிட முக்கியம் எறும்புப் புற்று. முழங்கால் உயரத்தில், புல் போர்த்திய குட்டிக் குட்டி மேடுகளாக இருக்கும். மஞ்சள் எறும்புகள் கட்டுவது. ஒவ்வொன்றும் அந்த அளவுக்கு வளரப் பல பத்து வருடம் பிடிக்கும். ஏர் ஒருமுறை போனால் அவ்வளவுதான், தரைமட்டம். ஆகவே பெரிய புற்று நிற்கிற இடத்தில் ரொம்ப காலமாக ஏர் போகவில்லை என்று அர்த்தம். மார்ச்சில் நான் திருத்தி எழுதினேனே, அதற்குப் பதில் இதில் இருக்கிறது. ஃபேர்வேயில் புற்று கிடையாது, வெட்டித் தள்ளிவிடுவார்கள், அங்கே பூவும் குறைவு. சமமான இடங்களில் எனக்குச் சந்தேகம்தான். சரிவுகளில், டிராக்டர் ஏற முடியாத விளிம்புகளில், வரிசையாகப் புற்று. அந்த விளிம்பு யாருடைய கையில் இருக்கிறதோ அவர்கள் அதை வருடத்துக்கு ஒருமுறை வெட்டி, வெட்டினதை அள்ளி, புதர் ஏறாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதைச் செய்யச் சொல்லித்தான் நான் போகிற இடத்தில் எல்லாம் நச்சரிக்கிறேன்.

சாக்ஹில் ப்ளூ என்று ஒரு வண்ணத்துப்பூச்சி. அதன் புழு தின்பது அந்த லாடக்காய்ச் செடியை மட்டும்தான். புழுவின் உடம்பில் சுரக்கிற இனிப்பை எறும்பு நக்கும், பதிலுக்குக் காவல் காக்கும். செடிக்கு மெலிந்த மண் வேண்டும், மண் மெலிய ஆடு வேண்டும். இதில் எதை எடுத்துவிட்டாலும் பூச்சி போய்விடும்.

ஜூன் 23

புற்று முழங்கால் உயரம் என்று எழுதியது அதிகம். இன்று அளந்தேன். நான் பார்த்ததில் பெரியது என் கணுக்காலுக்கு மேல் ஒரு சாண்.

ஆகஸ்ட் 3

வந்துவிட்டது! ராம்பியன் பூத்துவிட்டது. ரவுண்ட்-ஹெட்டட் ராம்பியன், சசெக்ஸின் பெருமை என்றே இங்கே பெயர், மாவட்டப் பூ. மெல்லிய தண்டின் உச்சியில் கருநீல உருண்டை, பூ இதழ்கள் நகம் மாதிரி உள்ளே வளைந்திருக்கும். மூன்று வருடமாகத் தேடி, ஃபேர்வேயிலிருந்து முப்பது அடி தள்ளி, ஒரு புற்றின் சரிவில் நாலு தண்டு. ஒன்றில் வெளிர்நீலமாக சாக்ஹில் ப்ளூ ஆண்பூச்சி இறக்கையை மூடித் திறந்துகொண்டிருந்தது. அருகே யாருடையதோ ஒரு பந்து கிடந்தது. எடுக்கவில்லை. எடுக்கப் போனால் மிதிக்க வேண்டியிருக்கும்.

ஆகஸ்ட் 4

உங்கள் செய்தி பார்த்தேன், தம்பி. அடுத்த ஞாயிறு தாராளமாக வாருங்கள். ஆட வேண்டியதில்லை, நடப்போம். பொதுப்பாதையிலேயே போகலாம், யாரிடமும் கேட்க வேண்டாம். பந்து வருகிறது என்று எச்சரிக்க "ஃபோர்!" என்று யாராவது கத்தினால் நிமிர்ந்து பார்க்காதீர்கள், தலையில் கையை வைத்துக் குனியுங்கள். பழைய பேண்ட் ஒன்று போட்டுக்கொண்டு வாருங்கள், முழங்காலிட வேண்டிவரும். முள்செடி எங்கே இருக்கிறது என்று நான் காட்டுகிறேன்.